பாட்டு எழாத வெள்ளிக்கிழமை

அந்த வருஷம் பாஸ்கா பண்டிகைக் கூட்டம் முடிந்து எங்கள் ஜனங்கள் லாரிகளில் ஊர் திரும்பியபோது தட்டம்மையும் கூடவே வந்து இறங்கியது. முதலில் ஆற்றோரக் குடிசைகளில் பரவியது. பிறகு தகரவாளி செய்கிற சீமோன் வீட்டுக்கு வந்தது. அங்கே ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து கை கழுவுவதற்குள் அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது.

எங்கள் சபையில் மருந்து கிடையாது. மாத்திரை, ஊசி, காட்டு வேர், மந்திரவாதியின் தாயத்து எல்லாம் ஒரே கணக்குதான், எல்லாம் பாவம். ஜெபித்துக் கொடுத்த தண்ணீர் உண்டு, பெரியவர்கள் தலையில் வைக்கிற கை உண்டு. நான் பிறந்ததிலிருந்து அறிந்தது அவ்வளவுதான்.

எங்கள் சபை வழக்கப்படி நான் ஒபதியாவுக்கு இரண்டாவது மனைவி. மூத்தவள் நெத்சாயி அக்கா. ஒரே முற்றம், இரண்டு அடுப்படி. விறகுக்குச் சண்டை, கோழிக்குச் சண்டை, அவள் துடைப்பத்தை நான் எடுத்தால் அதற்கும் சண்டை. நான் வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அவள் என்னை லைசா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் புதுசு" என்பாள்.

என் மகள் எஸ்தேரி அப்போதுதான் வாய் ஓயாமல் பேசத் தொடங்கியிருந்தாள். ஒரு காலையில் பேச்சு நின்றுபோனது. உடம்பு அனலாகக் கொதித்தது, கண்கள் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன, முகத்திலிருந்து கால் வரை சிவப்பாகப் பொரிந்தது. சபைத் தலைவரான மூப்பர் ஹோசியா தன் கூட்டத்தோடு வந்து வெள்ளை அங்கியும் கையில் தடியுமாக எங்கள் குடிசைக்குள் முழங்காலிட்டார். நல்ல மனுஷர். ஜெபிக்கும்போது அவருக்கே கண்ணீர் வந்தது. தண்ணீரைக் கொடுத்து, "விசுவாசமா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொரி அடங்கியது. இனிப் பயமில்லை என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைக்கு மூச்சு மாறியது. ஓடிக் களைத்த நாய் மாதிரி இழுத்து இழுத்து விட்டாள். பால் கலந்த கஞ்சியை உதட்டில் வைத்தால் விழுங்கவில்லை.

அன்று மதியம் நெத்சாயி அக்கா என் குடிசைக்கு வந்தாள். கேட்காமலே குனிந்து பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"யோனாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

யோனா அவளுடைய பையன். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால், இதற்கு முந்தைய தட்டம்மையில் போனவன். அவன் பெயரை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவனுக்கும் விலாவுக்குக் கீழ இப்படிக் குழி விழுந்து குழி விழுந்து எழும்புச்சு. விசுவாசமா இருன்னாங்க. இருந்தேன். எனக்கு விசுவாசத்துல ஒரு குறையும் இல்லடி. புள்ளதான் இல்ல." மூலையில் கிடந்த துணியைக் காட்டி, "துணிய எடு, முதுகுல கட்டு. கிளினிக்குக்குப் போறோம்" என்றாள்.

"அக்கா, இருட்டட்டும். யாராச்சும் பாத்தா..."

"இருட்டற வரைக்கும் இது தாங்காது. குடு, நானே கட்டிக்கறேன்."

முற்றத்தில் ஒபதியா வாளி செய்யத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சுத்தியல் நின்றது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கிளினிக்குக்கு" என்றாள் அக்கா.

"நெத்சாயி, வேணாம். நம்மள வெளிய தள்ளிடுவாங்க. பேச்சு வார்த்த இருக்காது, கொடுக்கல் வாங்கல் இருக்காது. செத்தா தூக்க வரமாட்டாங்க."

"செத்தா தூக்க வர்றதுக்காகவா இத்தன நாள் கூட இருந்தோம்? உசிரோட இருக்கறத நான் தூக்கிட்டுப் போறேன். நீங்க வாளிய அடிங்க."

அவர் எழுந்து குறுக்கே நிற்பார் என்று பயந்தேன். நிற்கவில்லை. கூடவும் வரவில்லை.

சுற்றுவழி ஒன்று உண்டு, பருத்திக் காட்டுக்குப் பின்னால். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். அக்கா என் கையைப் பிடித்துப் பெரிய ரோட்டுக்கு இழுத்தாள். எங்கள் சபை கூடுகிற ஜெபக்களத்தைத் தாண்டித்தான் அந்த ரோடு போகும். மரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன், வாய்த்துடுக்கானவன், "என்ன நெத்சாயி, வெயில்ல சந்தைக்கா? முதுகுல என்ன, தக்காளியா?" என்று கேட்டான்.

"புள்ள. மருந்துக்குக் கொண்டு போறேன். மூப்பர் வீட்டுலதான இருக்காரு, ஓடிப் போய்ச் சொல்லு."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

கிளினிக்கில் சிஸ்டர் கும்போ என்று ஒரு நர்ஸ். சபை வழக்கப்படி மழித்த எங்கள் மொட்டைத் தலையையும் வெள்ளை அங்கியையும் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பிள்ளையை வாங்கிக்கொண்டே, "பேரு எழுதவா, வேணாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எழுதுங்க. அப்பன் பேரு, சபை பேரு, எல்லாம் எழுதுங்க" என்றாள் அக்கா.

சிஸ்டர் ஒரு நிமிஷம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "உங்க சபையில எழுதச் சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா."

"எழுத வேணாம்னு சொன்னவங்க யாரு?" என்று நான் கேட்டேன்.

"அத நான் சொல்லக்கூடாது" என்று ஊசியை எடுக்கப் போய்விட்டார்.

நிமோனியா என்றார்கள். ஊசி போட்டார்கள், கண்ணுக்கு மருந்து, வாயில் வைட்டமின் சொட்டு. பிறகு வண்டியில் ஏற்றி மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே எஸ்தேரியின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். அக்காவும் நானும் கட்டிலுக்குக் கீழே ஒரே பாயில் படுத்தோம். சண்டை போட விறகும் இல்லை, கோழியும் இல்லை. அக்கா யோனாவைப் பற்றிப் பேசினாள். அவன் இடக்கையன், ஆட்டுக்கு எல்லாம் மூப்பர்களின் பெயரை வைப்பான் என்றாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஒபதியா சைக்கிளில் வந்தார். ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பது பாவம் என்று வேலிக்கு வெளியே நின்றார். கம்பிக்கு மேலே ஒரு போர்வையை நீட்டினார். "மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டார். பதில் சொன்னதும் தலையாட்டினார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். வேலிக்கு உள்ளே மட்டும் வரவில்லை.

ஒரு காலையில் எஸ்தேரி குழாயைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கத்துக் கட்டில் பையனின் சோளக்களித் தட்டைக் காட்டி, "அது எனக்கு" என்றாள். தர முடியாது என்றான் அவன். இவள் கத்திய கத்தலில் டாக்டரே எட்டிப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊர் திரும்பிய வெள்ளிக்கிழமை எங்களுக்கு விசாரணை வைத்தார்கள்.

மரத்தடியில் ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். எல்லோரும் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் நடுவில் நிறுத்தினார்கள். எஸ்தேரி என் இடுப்பில் இருந்தாள், இளைத்துப்போயிருந்தாலும் கண்கள் துறுதுறுவென்று இருந்தன.

"செஞ்சது பாவம்னு ஒத்துக்கறியா, நெத்சாயி?" என்று கேட்டார் ஹோசியா.

"இல்லங்க ஐயா. ஒரு புள்ளைய உங்க பேச்சக் கேட்டு மண்ணுக்குக் குடுத்தேன். இன்னொண்ண உங்க பேச்சக் கேக்காம வீட்டுக்குக் கொண்டு வந்துருக்கேன். இதுல எது பாவம்னு கடவுள் கேக்கும்போது அவர்கிட்ட சொல்லிக்கறேன்."

ஹோசியாவின் மகன்தான் தீர்ப்பைப் படித்தான். நாங்கள் இருவரும் சபைக்குப் புறம்பு. ஒபதியா எங்களை அவரவர் பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அவரும் புறம்பு.

எங்கள் வழக்கத்தில் தீர்ப்பைப் படித்தவுடன் பெண்கள் ஒரு பாட்டு பாட வேண்டும். பாட்டு முடிந்தால்தான் அது செல்லும். முதல் அடியை எடுத்துக் கொடுப்பது ஹோசியாவின் மனைவி ராகேரி அம்மா. அவர் குரல் எழுந்தால் ஆற்றின் அக்கரையில் மாடு மேய்ப்பவர்கள் நின்று கேட்பார்கள்.

பாட்டு எழவில்லை.

"பாடு" என்றார் ஹோசியா.

ராகேரி அம்மா மடியில் கைகளைக் கோத்தபடி இருந்தார். "தொண்ட வரல" என்றார்.

"வேற யாராச்சும் எடுங்க."

ஒரு பெண்ணும் வாய் திறக்கவில்லை. ராகேரி அம்மா முழங்காலில் கையூன்றி எழுந்தார். கனத்த உடம்பு, மெதுவாகத்தான் எழ முடியும். நேராக நடந்து வந்து நெத்சாயி அக்காவின் பக்கத்தில் நின்றார்.

"நானும் போயிருக்கேன்" என்றார்.

ஹோசியாவுக்குப் புரியவில்லை. "எங்க?"

"கிளினிக்குக்கு. நம்ம புள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும். கூடை விக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவேன். இப்ப தீர்ப்பு படிச்சானே உங்க மகன், அவன் தடியூணி நிக்கறதே அந்த ஊசியாலதான்."

மகன் கையிலிருந்த தடியைப் பார்த்தான். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே வைத்தான்.

அடுத்து சீமோனின் மனைவி எழுந்தாள். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள். "நான் போகல. யாரும் போறதில்லன்னு நெனச்சு போகல. போறீங்கன்னு ஒருத்தி என் காதுல சொல்லிருந்தா போதும்" என்று சொல்லி எங்கள் பக்கம் வந்து நின்றாள். அதற்குப் பிறகு பெண்கள் உட்கார்ந்திருக்கவில்லை. ஒருத்தி அங்கியைக் கழற்றிக் கூடைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனதைச் சொன்னாள். இன்னொருத்தி தலையில் துணி கட்டி மொட்டையை மறைத்ததைச் சொன்னாள். "அன்னைக்குப் பெஞ்சுல மூஞ்ச மூடிட்டு உக்காந்திருந்தது நீதானா? உன்னப் பாத்துப் பயந்துதான நான் சுவரேறிக் குதிச்சேன்" என்று ஒருத்தி கேட்க, மற்றவள், "நான் உன்னப் பாத்துத்தான் மூஞ்சியவே மூடினேன்" என்றாள். விசாரணைக் களத்தில் பெண்கள் சிரித்தார்கள். இத்தனை வருஷமும் ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் பாவி என்று நினைத்து, தனித்தனியாகப் பயந்து செத்திருக்கிறார்கள்.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கிட்டத்தட்ட காலியாகிவிட்டது. ஒரு கிழவர், "இவங்க எல்லாரையும் தள்ளிட்டா நமக்குக் களி கிண்டறது யாரு?" என்று கவலையோடு கேட்டார்.

அப்போதுதான் ஒபதியா எழுந்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "நான் வேலிக்கு வெளிய நின்னேன்" என்றார். "என் பொண்டாட்டிங்க உள்ள இருந்தாங்க, புள்ள உள்ள இருந்துச்சு, நான் வெளிய நின்னேன். இனிமே நிக்கமாட்டேன்." ஆண்கள் வரிசையைத் தாண்டி எங்களிடம் வந்து எஸ்தேரியை வாங்கிக்கொண்டார். அவர் பின்னால் சீமோன் வந்தான்.

ஹோசியா வெகுநேரம் மனைவியையே பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றார்.

"கேட்டிருப்பீங்களா?"

அவர் தரையில் உட்கார்ந்தார். "பாட்டு இல்லாம தீர்ப்பு இல்ல. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. ராகேரி அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு ஸ்தோத்திரப் பாட்டை எடுத்தார். தொண்டை நன்றாகவே வந்தது. பாடிக்கொண்டே நடக்கத் தொடங்கினார். நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வெள்ளை அங்கியோடு, பெரிய ரோட்டில், பட்டப்பகலில் கிளினிக்கை நோக்கி நடந்தோம். நான் பாடியதை எனக்கே கேட்க முடியவில்லை, அத்தனை பேர் பாடினோம். சத்தம் கேட்டுச் சிஸ்டர் கும்போ வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஊசிப் பெட்டியை எடுக்க உள்ளே ஓடினார்.

தலைமைச் சபையிலிருந்து பிறகு கண்டிக்க ஆள் அனுப்பினார்கள். ஹோசியா அவர்களுக்குச் சாப்பாடு போட்டு, "ஜெபம் எங்க வேலை, ஊசி அவங்க வேலை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று ராகேரி அம்மா மட்டும் அறிவார். தட்டம்மை அந்த வருஷம் மற்ற ஊர்களில் நிறையப் பிள்ளைகளைக் கொண்டுபோனது. எங்கள் ஊரில் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு குழி கூட வெட்டவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு ஒரு பையன் பிறந்தான். தடுப்பூசிக்கு ஒபதியாதான் மடியில் வைத்திருந்தார். ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"புள்ளைக்குத்தாங்க ஊசி, உங்களுக்கு இல்ல" என்றாள் நெத்சாயி அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "லைசா, இவரப் புடிச்சுக்கோ, விழுந்துடப் போறாரு" என்றாள்.