ஜடையன் மறைத்த சுவர்

ஊருக்கு உபகாரம் செய்யப் போய் வீட்டுக்கு அபகாரம் தேடிக்கொண்டவன் கதை இது, கண்ணுகளா.

ஹனூரிலிருந்து வந்து, மைசூர் அக்ரஹாரத்தில் ஒற்றை அறை பிடித்து ஆட்டோ ஓட்டினான் ஜடையன். மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருசம். அதிலிருந்து ஆறு வயது மகள் தமிழ்ப்ரியாவுக்கு ஆட்டோ ஓடினால்தான் கண் சொக்கும். லீவு நாளில் ஒரு மத்தியானம், பின்சீட்டில் அவள் தூங்க, ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரி மூன்றாம் மாடிவரை ஏற்றிவிட்டு வந்தான். இருபது நிமிசம். திரும்பினால் வண்டி இருக்கிறது, பிள்ளை இல்லை. தனியாக அழுத குழந்தையைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டிருந்தார். குழந்தைகள் நலக் குழு அவளை விடுதியில் சேர்த்துவிட்டது.

இலவசச் சட்ட உதவிக்கு வாய்த்தவர் எட்வர்ட் வக்கீல்.

"பிள்ளையத் திருப்பிக் குடுங்கன்னு குழுவுக்கே மனுப் போட்டாச்சு, ஜடையன். ஆள் அனுப்பி வீட்டப் பாத்து ரிப்போர்ட் எழுதுவாங்க. முடியாதுன்னு உத்தரவு வந்தா முப்பது நாளுக்குள்ள அப்பீல். அதுக்கும் மேல ஹைகோர்ட்."

"ஏனுங் சார், அதுக்குள்ள பிள்ளை கல்யாணத்துக்கு நின்னுருமுங்களே?"

"அதான் சொல்றேன். ரிப்போர்ட் நல்லா வந்தா இங்கேயே முடிஞ்சுது. வீட்டச் சுத்தமா வைங்க."

அவ்வளவு சட்டத்திலும் ஜடையனுக்குத் தெளிவாய்ப் புரிந்தது அந்தக் கடைசிச் சொல் ஒன்றுதான். அவன் ஊரில் மாரியம்மன் வந்தாலும் சரி, அதிகாரி வந்தாலும் சரி, முதல் வேலை சுண்ணாம்பு.

"அந்தக் கந்தல் பாய், மூளிப் பொம்மையெல்லாம் என் வீட்டுல போடு," என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம். "வர்ற மகராசி பாத்தா, வக்கத்த குடும்பம்னு எழுதிப்புடுவா."

பிள்ளையின் கவுன், செருப்பு, கலர் டப்பா எல்லாம் இடம் மாறின. சுவர் நிறைய அவள் மெழுகுக் கலரில் கிறுக்கியிருந்ததை இரண்டு பூச்சில் மூடினான்.

அதிகாரியம்மா வந்தார். துணிக்கொடியைப் பார்த்தார், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்.

"குழந்தை துணி எங்கே?" கன்னடத்தில் கேட்டார்.

"பக்கத்து வீட்டுலங்க, மேடம்."

"படுக்கை?"

"அதுவும் அங்கதானுங்க."

"அப்படின்னா குழந்தை வளர்றதே அங்கதானா?"

பேனா ஓடியது. ஜடையன் சுவரோடு ஒட்டிய முதுகை எடுக்கவில்லை.

"கொஞ்சம் நகருங்க."

மெழுகின் மேல் சுண்ணாம்பு நிற்குமா? காயக் காயப் பொருக்குவிட்டு, கறுப்பும் மஞ்சளுமாய் ஒரு ஆட்டோ சுவரிலிருந்து எட்டிப் பார்த்தது. முன்னால் ஒரு முரட்டு மீசை, பின்னால் ஒரு ரெட்டைச் சடை.

"சின்னப்பிள்ளைங்க, தெரியாமக் கிறுக்கிப்போட்டா. இன்னொரு பூச்சு அடிச்சர்றனுங்க. இத மட்டும் எழுதிராதீங்க, மேடம்!"

"மீசை யாரு?"

"நானுங்க. வண்டி ஓடுனாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். தெனமும் சவாரி முடிஞ்சதும் மூணு சுத்து சும்மா ஓட்டி, தூங்க வெச்சுத் தூக்கியாருவனுங்க."

அந்தம்மா எழுதியதை அடித்தார். செல்போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தார்.

"மிச்சத்தையாவது அழிக்காம வையுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உத்தரவு வந்தது: பிள்ளை அப்பனிடமே. சவாரி நேரத்தில் பஞ்சவர்ணம் பார்த்துக்கொள்ள வேண்டும், மாசம் ஒருமுறை அதிகாரி வருவார். அப்பீலைப் பாதி எழுதி வைத்திருந்த எட்வர்ட் வக்கீலுக்குத்தான் முகம் கொஞ்சம் வாடியது. "நல்ல பாயிண்ட்டெல்லாம் வெச்சிருந்தேன், ஜடையன்."

வீட்டுக்குள் நுழைந்த தமிழ்ப்ரியா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என் படத்தையெல்லாம் யாருப்பா அழிச்சது?"

"நாந்தான் கண்ணு."

"பெரியவங்க தப்புப் பண்ணுனா 1098-க்குப் பேசணும்னு விடுதியில சொல்லிக் குடுத்திருக்காங்க. எடு போனை."

ஜடையன் போனைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டு பஞ்சவர்ணம் வீட்டுக்கு ஓடினான், கலர் டப்பாவை எடுத்துவர.