கதவைத் திறக்க ஒருத்தி

கர்பீர் ராவலுக்கு இரண்டு குரல்கள். ஒன்று வீட்டுக் குரல்; ரொட்டியில் உப்பில்லை என்று மனைவியிடம் சிடுசிடுப்பது. மற்றது பௌர்ணமிக் குரல். அன்று அவர் குளித்து, பட்டினி கிடந்து, வெள்ளித் தகடு சுற்றிய சடையை அவிழ்த்துப் போட்டு மஸ்டோ சாமியின் முற்றத்தில் உட்காருவார். உடம்பு உதறும். அப்போது அவர் வாயில் வருவதுதான் அந்த அச்சாம் மலையூருக்குச் சட்டம். கல்யாணம் நின்றிருக்கிறது, எருமை கைமாறியிருக்கிறது, அண்ணன் தம்பிகள் பேச்சை விட்டிருக்கிறார்கள். அவர்தான் தாமி, சாமியின் வாய்.

மருமகள் பன்சராவுக்கு அந்த வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வேண்டியிருந்தது.

வீட்டுக்குத் தூரமாகும் நாட்களில் ஊர்ப் பெண்கள் படுப்பது வயல் ஓரத்துக் குடிசைகளில். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை; ஜன்னல் கிடையாது, குனிந்துதான் நுழைய முடியும். பனிக்காலத்தில் ஆட்டுக்குட்டியை வீட்டுக்குள் கட்டுகிற ஊர், பெண்ணை வெளியே தள்ளியது. ஒருமுறை போலீஸ் வந்து எல்லாவற்றையும் இடித்தது. அவர்கள் மலையிறங்கி முடிப்பதற்குள் ஊர் திரும்பக் கல்லடுக்க ஆரம்பித்துவிட்டது. இதற்கெல்லாம் எங்கிருந்துதான் அவ்வளவு சுறுசுறுப்பு வருமோ!

பன்சராவின் புருஷன் பெங்களூரில் காவலாளி. தை பிறந்து பனி கொட்டத் தொடங்கியதும் அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு மாமனார் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, பனி மாசம் மட்டும் நம்ம விறகுக் கொட்டாயில படுத்துக்கலாமான்னு சாமிகிட்ட கேளுங்களேன். வீட்டுக்குள்ள வர மாட்டேன், சத்தியமா."

"நான் கேக்குறதாவது! பேசுறது அவரு. நான் வெறும் வாய்."

"அந்த வாய் நான் சுட்ட ரொட்டியத்தானே மாமா தின்னுது?"

உள்ளே மாமியார் நந்தகலி களுக்கென்று சிரித்தாள். கர்பீருக்கும் சிரிப்பு வந்தது, முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"பௌர்ணமி வரட்டும், பாப்போம்."

அந்தச் சொல்லைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் பௌர்ணமிக்கு முன்பே பன்சரா குடிசைக்குப் போக வேண்டி வந்தது.

பௌர்ணமியன்று காலை அவர் குளித்துவிட்டு வரும்போது, நந்தகலி வயல் வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். குடிசைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இடுக்கு வழியாகப் புகை கசிந்தது. குளிர் தாங்காமல் உள்ளே தீ மூட்டியிருக்கிறாள்.

"அடியே பன்சரா! காது கேக்குதா? ஒரு வார்த்தை பேசுடி!"

பதில் இல்லை. ஊர் கூடிவிட்டது. கூடியவர்கள் எல்லாரும் குடிசையிலிருந்து தள்ளியே நின்றார்கள். கர்பீர் வரப்பிலிருந்து இறங்கப் போனார். ஊர்ப் பெரியவர் கலக் சிங் குறுக்கே வந்தார்.

"தாமி, நீங்க தொட்டுட்டா இன்னைக்கு முற்றத்துல யாரு உக்கார்றது? தூரமான பொம்பள எவளாச்சும் இருப்பா. அவ வந்து தெறக்கட்டும். டேய், மேட்டுல இருக்கிற மேல்குடிக்கு ஓடுங்கடா!"

மற்ற நாளில் அந்தப் பேச்சை எடுக்கவே வாய் கூசுகிற ஆண்கள் வாசல் வாசலாக நின்று, "உங்க வீட்டுல யாராச்சும் வெளிய இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். கதவைத் திறக்கத் தீட்டுள்ள ஒருத்தியைத் தேடியது ஊர்.

கர்பீர் நின்றார். இன்று தொட்டால் இன்று உட்கார முடியாது. உட்காராவிட்டால் அவளுக்கான சொல்லைச் சொல்ல முடியாது. அவளுக்காகத்தானே நிற்கிறோம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். நல்ல சமாதானம்தான். புகைக்குத்தான் அது தெரியவில்லை.

வெயில் வயலுக்கு இறங்கிய பிறகு மேல்குடியிலிருந்து ஜுமா என்பவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கல்லால் கதவை உடைத்து, இருமிக்கொண்டே உள்ளே போனாள்.

"உசுரு இருக்கு! நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்? யாராச்சும் காலப் புடிங்களேன்! மரமாட்டம் நிக்கிறீங்களே பாவிங்களா!"

அப்போதுதான் கர்பீர் ஓடினார். கலக் சிங்கைத் தள்ளிவிட்டு ஓடினார். பன்சராவைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே சுகாதார நிலையத்துக்கு இறங்கினார். ஓடைப் பாலம் வரைக்கும் அவள் மூச்சு அவர் கழுத்தில் பட்டது. பாலம் தாண்டியதும் படவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குக் கர்பீர் முற்றத்தில் உட்கார்ந்தார். உடம்பு உதறியது. அந்தக் குரலிலேயே கர்ஜித்தார்.

"இடிங்கடா குடிசைய எல்லாம்! என் பொண்ணுங்க வீட்டுல படுக்கட்டும்!"

யாரும் அசையவில்லை. கலக் சிங் பதமாகத்தான் பேசினார்.

"எழுந்திரிங்க தாமி. உங்க மேல இப்ப சாமி இல்ல. தீட்டுப்பட்டவளத் தூக்கின அன்னைக்கே எறங்கிப் போயிட்டாரு."

"சாமிதான்டா பேசுறேன்!"

"மருமக போன துக்கம் பேசுது. எங்களுக்கும் வருத்தம்தான்."

முற்றத்தின் மறுகோடியில் கர்பீருடைய தம்பி மகன் தனபீர் உதறத் தொடங்கினான். கூட்டம் அப்படியே அவன் பக்கம் திரும்பியது. "எல்லையத் தாண்டாதே! தாண்டினா பயிர் கருகும், எருமை மடி வத்தும்!" என்றான். எல்லாம் கர்பீர் அதே இடத்தில் வருஷக்கணக்காகச் சொன்ன வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. ஊர் கைகட்டிக் கேட்டது.

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. பனிக்காற்று இன்னும் விடவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்.

"தௌலி உக்காந்துட்டா" என்றாள் நந்தகலி உள்ளேயிருந்து. தௌலி அவர்களுடைய கடைசி மகள். "அங்க அனுப்பிட்டேன். கூட்டிட்டு வராதீங்க. சாமி கோவிச்சுப் பெங்களூர்ல இருக்கிற பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

கர்பீர் வயலுக்கு ஓடினார். புதுக் கதவு போட்ட அதே குடிசையின் வாசலில் தௌலி கம்பளியோடு நின்றிருந்தாள்.

"வாம்மா வீட்டுக்கு. நான் பேசிக்கிறேன்."

"நீங்க சொன்னா இப்ப யாருப்பா கேப்பா?"

அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார்.

"கேட்ட காலத்துல நீங்க சொல்லலையே" என்றாள். அதில் கோபம்கூட இல்லை. குனிந்து உள்ளே போனாள்.

கர்பீர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இனி அவர் தொடக் கூடாதது எதுவும் இல்லை. அவரைச் சுற்றிக்கொண்டு காற்று உள்ளே புகுந்தது.

"குளிருதுப்பா" என்றாள் தௌலி உள்ளேயிருந்து. "கதவச் சாத்திட்டுத் தீ மூட்டிக்கட்டுமா?"