நீலம் அடிக்கச் சொன்ன கடிதம்

கடிதத்தை முதலில் படித்தது புருஷன்தான். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இரண்டு தடவை படித்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் அவளிடம் நீட்டினான். நல்ல செய்தியாக இருந்தால் அவன் வாய் சும்மா இருக்காது. பதினேழு வருஷம் கூடக் குப்பை கொட்டியவளுக்கு அது தெரியாதா?

ஆஸ்பத்திரியின் தாள். போக்குவரத்து அதிகாரியின் கையெழுத்து, அதன்மேல் ஒரு முத்திரை, பக்கத்தில் இன்னொரு முத்திரை. ஒப்பந்தத்தில் ஓடும் வண்டிகள் எல்லாம் அடுத்த மாதம் முதல் தேதிக்குள் ஆகாய நீலத்துக்கு மாற வேண்டுமாம். செலவு வண்டிக்காரரைச் சேர்ந்தது. கீழே விலாசம் கொடுத்திருக்கும் பட்டறையில்தான் அடிக்க வேண்டும். மாறாத வண்டியின் ஒப்பந்தம் ரத்து.

"மெரூன் கலர் வேன்ல ஏறி வந்தா ரத்தம் சுத்தமாகாதாமா?" என்று கேட்டாள் அவள். புருஷன் சிரிக்கவில்லை.

அவளுடைய வேனில் ஆறு நோயாளிகள். வாரத்துக்கு மூன்று நாள் அவர்களை வீட்டிலிருந்து டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய், நாலு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவாள். யாருக்கு முன் சீட், யாருக்குத் திரும்பும்போது குமட்டும், யாருக்கு வேகத்தடை வந்தால் உயிர் போகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எல்லோருக்கும் அவள் வேன்காரம்மா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும் "ரைட் போலாம்" என்று குரல் கொடுத்த பிறகுதான் வண்டியை எடுக்க விடுவார். எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள்.

மறுநாளே ஆஸ்பத்திரி சொன்ன பட்டறைக்குப் போனாள். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து வண்டியைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியாக ஒரு பார்வை. அவ்வளவுதான்.

"எண்பத்தஞ்சாயிரம்."

"பெயிண்டுக்கா? இல்ல, வண்டியையே வாங்கிக்கிறீங்களா?"

"ஆஸ்பத்திரி ரேட்டும்மா. ஒரு பைசா குறையாது."

வண்டியைத் திருப்பி நேரே பட்டி அண்ணனிடம் விட்டாள். எந்நேரமும் கையில் பள்ளம் அடைக்கிற பட்டி அப்பியபடியே இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். போன தடவை பின்கதவு நசுங்கியபோது அவர்தான் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். கதவுகளைத் திறந்து மூடினார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து சக்கர வளைவுக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"அதே மெரூன்னா இருபத்தஞ்சுல முடிச்சிடலாம், தங்கச்சி. வேற கலர்னா வேலை டபுள். கதவுக்குள்ள, பானெட்டுக்கு அடியில, டிக்கிக்குள்ள எல்லாம் அடிக்கணும். இல்லைன்னா கதவைத் தெறந்ததும் பழைய கலர் பல்லைக் காட்டும். கண்ணாடி, ரப்பரு, லைட்டு, கைப்பிடி எல்லாத்தையும் கழட்டணும். இதுல மெரூன் வேற. நல்லா பிரைமர் போட்டு மறைக்கலைன்னா ஆறே மாசத்துல நீலத்துக்குள்ளேருந்து எட்டிப் பாக்கும். நாப்பத்தஞ்சு ஆகும்."

"கூட நானும் தேய்க்கிறேண்ணா. எவ்வளவு குறைப்பீங்க?"

"முப்பத்தெட்டு. அதுக்குக் கீழே போனா என் வீட்டுல அடுப்பு எரியாது." கொஞ்சம் தயங்கி, குரலைத் தணித்தார். "அந்தப் பட்டறை யாருதுன்னு தெரியுமில்ல? உங்க போக்குவரத்து அதிகாரியோட மச்சினன் நடத்துறது."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அதைச் சொன்னாள். புருஷன் கையைக் கழுவிவிட்டு வந்து, அலமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்து அவள் முன் வைத்தான். பொத்தான் துளை போடும் காஜா மெஷின் வாங்க அவன் இரண்டு வருஷமாகச் சேர்த்த பணம். ஒவ்வொரு சட்டைக்கும் காஜா எடுக்க நாலு தெரு தள்ளி இருந்த கடைக்கு நடப்பவன் அவன்.

"வேண்டாங்க."

"ஒப்பந்தம் போனா வீட்டுல சோறு எங்கேருந்து வரும்? காஜா மெஷினை அப்புறம் பாத்துக்கலாம். எடுத்துக்கோ."

ஒன்பது நாள். காலையில் சமையலை முடித்துவிட்டுப் பட்டி அண்ணனின் பட்டறைக்குப் போவாள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்ப்பாள். மெரூன் கரைந்து கை, கால், சேலை எல்லாம் வழிந்தது. நாலாவது நாள் விரல் நுனிகளில் ரேகையே இல்லை. ஏழாவது நாள் முதல் கோட் நீலம் அடித்தபோது பட்டி அண்ணன் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவள் தள்ளி நின்று பார்த்தாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாள். யாருடைய வண்டியையோ பார்க்கிற மாதிரி இருந்தது.

அந்த ஒன்பது நாளும் ஆறு பேரும் வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்டக்டருக்கு ஒரு நாள் கார் கிடைக்கவில்லை. ஒரு தடவைதானே, பரவாயில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். மறுநாள் விடிவதற்குள் கால் வீங்கி, மூச்சு முட்டி, அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். இரண்டு நாள் ஆக்ஸிஜன். அவள் போய்ப் பார்த்தபோது முகமூடியைக் கொஞ்சம் விலக்கி, "வண்டி காஞ்சுடுச்சா?" என்று கேட்டார். வெளியே வந்து படிக்கட்டில் நின்று அழுதாள்.

முதல் தேதி. ஆஸ்பத்திரியின் பின்முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. போக்குவரத்து அதிகாரி கையில் ஒரு நிற அட்டையோடு வந்தார். எதை நீட்டினாலும் முத்திரை குத்துவதால் டிரைவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் முத்திரை. அட்டையை அவளுடைய வண்டியின் கதவோரம் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஷேடு வேற."

"எவ்வளவு வேற சார்?"

"வேறன்னா வேற. பட்டறை ரசீது எங்க?"

அவள் பட்டி அண்ணனின் ரசீதை நீட்டினாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"நாங்க சொன்ன பட்டறை இது இல்லையே. செல்லாது. அங்க போய்த் திரும்ப அடிச்சிட்டு வாங்க."

"அப்போ ஷேடு பிரச்சினை இல்ல, ரசீதுதான் பிரச்சினை."

"அதிகமா பேசாதீங்கம்மா. இஷ்டம் இருந்தா ஓட்டுங்க, இல்லைன்னா விடுங்க."

அவள் அவர் கையிலிருந்த அட்டையை வெடுக்கென்று பிடுங்கினாள். நேரே ஆஸ்பத்திரியின் சொந்த ஆம்புலன்ஸ் பக்கம் போய் அதன் நீலத்தோடு வைத்துக் காட்டினாள். வெயிலில் வெளுத்துப்போன அந்த நீலத்துக்கும் அட்டைக்கும் சம்பந்தமே இல்லை.

"இதையும் ரத்து பண்ணிடுவோமா சார்?"

யாரோ சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் அந்தப் பட்டறையிலேயே அடித்த வண்டி ஒன்று நின்றது. போன மாதம்வரை பச்சை. அதை ஓட்டுபவன் கல்யாணமாகி ஆறு மாதம் ஆன பையன். "தம்பி, கதவைத் தெறக்கட்டுமா?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான்.

திறந்ததும் உள்ளே அத்தனையும் பச்சை. பானெட்டைத் தூக்கினால் அடியிலும் பச்சை. ரப்பரைக் கழற்றாமல் அதன்மேலேயே நீலம் அடித்திருந்தார்கள். விளிம்பில் நகத்தால் ஒரு கீறு கீறினாள். நீலம் தோல் உரிகிற மாதிரி உரிந்து கையோடு வந்தது.

"எவ்வளவு குடுத்தே தம்பி?"

"எண்பத்தஞ்சு அக்கா. மாமனார்கிட்ட வாங்கிக் குடுத்தேன்." அவன் முகம் செத்துப்போயிருந்தது.

உரிந்த நீலத்தை அவள் முத்திரையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்த ரசீதுதான் செல்லும், இல்ல? எத்தனை முத்திரை குத்துனீங்க சார் இதுக்கு? உங்க மச்சினன் பட்டறைக்கு ஆள் பிடிச்சுக் குடுக்க, மூச்சு வாங்குற மனுஷங்கதான் கிடைச்சாங்களா?"

"வார்த்தையை அளந்து பேசு!"

வேனுக்குள்ளிருந்து கண்டக்டர் கத்தினார்: "நான் செத்திருந்தா அந்த ரசீதை எந்தப் பட்டறையிலய்யா வாங்குவாங்க?"

சத்தம் கேட்டுத் தலைமை டாக்டரம்மா இறங்கி வந்தார். கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். நெற்றி சுருங்கியது.

"முழு வண்டியுமா? நாங்க கேட்டது கதவுல ஒரு நீலப் பட்டை. ஸ்டிக்கர். கூட்டத்துல அப்படித்தானே முடிவாச்சு?"

முத்திரை எதையோ விளக்க ஆரம்பித்தார். ஒரே மாதிரித் தோற்றம், மதிப்பு என்றெல்லாம் வார்த்தைகள் வந்தன. அவள் காதில் ஸ்டிக்கர் என்பது மட்டும்தான் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு ஸ்டிக்கருக்காக ஒன்பது நாள். காஜா மெஷின். ஆக்ஸிஜன்.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "கண்டிப்பா விசாரிக்கிறேன்மா. ஆனா உங்க வண்டி ரொம்ப அழகா இருக்கு."

"அழகா இருக்கான்னு நான் கேக்கலைங்க. யார் சொல்லி அடிச்சேனோ அவங்க பணம் தரணும். வாயால வேண்டாம், எழுத்துல குடுங்க."

நோயாளிகளை உள்ளே அனுப்பிவிட்டு, அலுவலக நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு தாளை வாங்கி நடந்ததையெல்லாம் எழுதினாள். நீலம் அடித்திருந்த நாலு டிரைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். மனுவை வாங்கிக்கொண்டதாக எழுத்தில் வாங்கின பிறகுதான் பெஞ்சைவிட்டு எழுந்தாள்.

அதற்கப்புறம் இரண்டரை மாதம். அவள் வாரம் தவறாமல் அந்த நடையில் போய் நின்றாள். "வரும்", "பாத்துட்டிருக்காங்க", "கையெழுத்துக்குப் போயிருக்கு" என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பதில். மச்சினன் பட்டறையைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். முத்திரையை வீட்டுக்கு அனுப்பவில்லை. சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அதே சம்பளம், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. அதைக் கேள்விப்பட்ட அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "விடும்மா" என்றான் புருஷன். "எதை விடச் சொல்றீங்க?" என்று அவன்மேலும் எரிந்து விழுந்தாள். அப்புறம் மன்னிப்புக் கேட்டாள்.

கடைசியில் கணக்கு ஜன்னலுக்குக் கூப்பிட்டார்கள். முப்பத்தெட்டாயிரத்துக்குக் காசோலை. ஒன்பது நாள் ஓடாத வண்டிக்கு ஒன்றும் இல்லை. அதற்கு விதி கிடையாதாம். ஜன்னலுக்குள் இருந்த பெண் ஒரு தாளைத் தள்ளினாள்.

"இங்க கையெழுத்துப் போடுங்க. வழக்கமா எல்லாரும் போடுறதுதான்."

அவள் படித்தாள். 'எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் மனநிறைவோடு பெற்றுக்கொண்டேன்.'

பேனாவை வாங்கினாள். 'முழுவதையும்' என்பதை அடித்தாள். 'மனநிறைவோடு' என்பதைத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி இரண்டு தரம் அடித்தாள். மேலே 'பெயிண்டுக்கு மட்டும்' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"ஐயோ, இப்படி அடிக்கக் கூடாதும்மா. மேல கேப்பாங்க."

"கேக்கட்டும். கேட்டா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. வாரத்துக்கு மூணு நாள் நாலு மணி நேரம் கீழதான் இருக்கேன்" என்று காசோலையை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.