செங்கல் மேல் நிற்காத கார்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கஜா பெராங் சாலையில் வாடிக்கையாக ஓடிய கார்கள் மூன்று. இரண்டு ராணுவத்துக்குச் சொந்தமானவை. மூன்றாவது மரவள்ளிக்கிழங்கு கேக். முதல் இரண்டும் அடிக்கடி வழியில் நின்று ஆட்களை இறங்கித் தள்ள வைத்தன. மூன்றாவது நின்றதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. அது பெட்ரோல் குடிக்காது, கள் குடிக்கும். போத்தலுக்கு ஒன்பது மைல் கொடுத்தது, மேடு என்றால் எட்டு.

அதைச் செய்தவள் சந்திரமதி. சண்டைக்கு முன்னால் மலாக்காவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், எந்தத் துரையின் பிறந்தநாளானாலும், கேக் என்றால் சந்திரமதிதான். கப்பல் கேட்டவர்களுக்குக் கப்பல் செய்தாள், மணிக்கூண்டு கேட்டவர்களுக்கு மணிக்கூண்டு செய்தாள். அந்த மணிக்கூண்டு இரண்டு நாள் சரியான நேரம் காட்டியது, பிறகு மாப்பிள்ளை வீட்டார் தின்றுவிட்டார்கள். அவள் புருஷன் நல்லையா டாக்சி ஓட்டினான். நீல நிற ஆஸ்டின், இடது மட்கார்டில் ஒரு சின்ன நெளிசல். ஜப்பான்காரர்கள் வந்ததும் முதலில் டயர்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நல்லையா வண்டியை நாலு செங்கல் அடுக்கின் மேல் நிறுத்தி வைத்தான். பிறகு எஞ்சினை எடுத்தார்கள், பிறகு கதவுகளை, ஒரு வெள்ளிக்கிழமை மிச்சத்தையும். செங்கல் அடுக்குகள் மட்டும் வாசலில் நின்றன. நல்லையா தினமும் காலையில் துணி நனைத்து அந்தச் செங்கற்களைத் துடைத்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல் சந்திரமதி பின்வாசல் வழியாகவே போய்வந்தாள்.

ஜப்பான் கணக்கில் 2603-ஆம் வருடம், நம் கணக்கில் நாற்பத்து மூன்று, சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் பட்டியல் வந்தது. பட்டியல் எழுதியவர் ஆபீஸ் குமாஸ்தா, கிராணி மாணிக்கவாசகம். வெள்ளைக்காரனுக்கு எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாரோ அதே நாற்காலியில் உட்கார்ந்து ஜப்பான்காரனுக்கும் எழுதினார். நல்லையாவின் பெயர் முப்பத்தொன்றாவதாக இருந்தது. கார் இல்லாத டிரைவருக்கு ஊரில் என்ன வேலை என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வந்து சேரவில்லை. அதே வாரம்தான் கேப்டன் ஒருவர், ஏப்ரல் இருபத்தொன்பது சக்கரவர்த்தி பிறந்தநாள் விருந்துக்குத் தன் மோட்டார் காரைப்போல ஒரு கேக் வேண்டும் என்று சொன்னார். கிராணி நல்ல மனுஷர். சந்திரமதியின் பெயரைச் சொல்லி, கூடவே ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டு வந்தார். வெட்டும்வரை கேக் இடிந்து விழாமல் நின்றால் நல்லையா ஊரில் இருக்கலாம். விழுந்தால் மே முதல் தேதி அவன் லோரி ஏற வேண்டும்.

கேப்டன் அனுப்பிவைத்தது பால் டின் ஒன்று நிறையச் சீனியும் ஆறு முட்டைகளும். கோதுமை மாவைக் கண்ணால் பார்த்து வருடம் ஒன்று ஆகியிருந்தது. சந்திரமதி மரவள்ளியைச் சீவிப் பிழிந்து, தேங்காய்ப் பால் விட்டு, தகரப் பெட்டியில் வைத்துக் கீழும் மேலும் தணல் போட்டாள். முதல் கார் வெந்து வந்தபோது அழகாகத்தான் இருந்தது. வெயில் சாய்வதற்குள் அதன் மூக்கு தரையைத் தொட்டுவிட்டது. மரவள்ளி மாவுக்கு எடை அதிகம், எலும்பு கிடையாது. இரண்டாவது காருக்கு முட்டை பாவுலு என்கிற பஞ்சு கேக்கைச் சுட்டுச் சக்கரம் வைத்தாள். உடம்பைத் தூக்கி வைத்ததும் நாலும் பொடிப்பொடியாகப் போயின. முட்டையும் தீர்ந்தது. விருந்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பார்க்க வந்த கிராணி பரிதாபப்பட்டு ஒரு யோசனை சொன்னார்.

"அடியில நாலு செங்கல்ல வச்சி, அதுமேல பலகையப் போட்டுடுங்கக்கா. சக்கரம் சும்மா ஒட்டி வச்சா போதும். துணியால மூடிட்டா யாரு குனிஞ்சி பார்க்கப் போறா?"

கேக் வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. மணிக்கூண்டுக்குள் சந்திரமதியே மூங்கில் குச்சி வைத்தவள்தான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் லேசுப்பட்டது இல்லை.

"செங்கல் மேல நிக்கிறதுக்குப் பேரு காடியா? என் வாசல்ல நின்னிச்சே, அது காடியா? பொணம். நான் செய்ற காடி சொந்தக் கால்ல நிக்கும். இல்ல, விழுந்து தொலையட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, விழுந்தால் தொலையப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நல்லையா வெளியே செங்கலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வழி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பொன்னம்மா மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். சாமி கும்பிட மட்டும் தமிழ் தெரியும், மற்றதெல்லாம் மலாய். அவள் இரண்டு கார்களும் விழுந்ததை வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாம் நாள், பொங்கலுக்கென்று ஒளித்து வைத்திருந்த பூலுட் என்கிற ஒட்டரிசி மாவையும் ஒரு பானை குலா மலாக்கா வெல்லத்தையும் தூக்கிக்கொண்டு வந்து, அடுப்பில் பெரிய இரும்புச் சட்டியை ஏற்றி, தோடோல் என்கிற கறுப்பு அல்வா கிண்டச் சொன்னாள். துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் ஒன்பது மணி நேரம் கிண்ட வேண்டும், கை நின்றால் கெட்டுப் போகும். சந்திரமதியின் கை தளரும்போதெல்லாம் பொன்னம்மா, "ஜாங்ஙான் பெரெந்தி!" என்று அதட்டினாள், நிறுத்தாதே என்று. தோடோல் கறுத்து, மினுங்கி, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கியது. நல்லையா வந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். விரலை எடுத்ததும் பள்ளம் தானாக மேலே எழும்பி வந்தது. ஒன்றேகால் வருடத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது அப்போதுதான். டயர் என்று மட்டும் சொன்னான். நாலு சக்கரம் வார்த்தார்கள், வழக்கப்படி பின்னால் மாட்ட ஸ்பேர் ஒன்றும்.

உடம்பு லேசாக வேண்டும். அதற்குப் புளிப்பு வேண்டும், புளிப்புக்குக் கள் வேண்டும். நல்லையா தன் பங்குக் கள்ளை மூன்று நாள் குடிக்காமல் மாவில் ஊற்றினான். அவனைத் தெரிந்தவர்கள் இதைத்தான் அந்த வருடத்தின் பெரிய அதிசயம் என்பார்கள். சந்திரமதி காரை இரண்டு கையையும் விரித்த நீளத்துக்குச் செய்தாள். கேப்டனின் காரை அவள் சரியாகப் பார்த்தது கிடையாது. வாரா வாரம் சோப்புப் போட்டுக் கழுவி, மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தது ஒரே கார்தான். அதையே செய்தாள். சங்குப்பூ பிழிந்து நீலம் ஏற்றினாள். கண்ணாடிக்கும் விளக்குக்கும் அகர்-அகர் கடல்பாசி. இடது மட்கார்டில் அந்த நெளிசலையும் மறக்காமல் வைத்தாள். வெந்து முடிந்ததும் சக்கரத்தின் மேல் ஏற்றினார்கள். நின்றது. நின்றதோடு விடாமல் உப்பத் தொடங்கியது.

முதல் நாள் மேசையை விட்டு இறக்கினார்கள். இரண்டாம் நாள் அடுப்படிச் சுவரைப் பெயர்த்தார்கள். மூன்றாம் நாள் வேலியையும் பெயர்க்க, பொன்னம்மா தன் கோழிக்கூட்டை நகர்த்திக் கொடுத்தாள். நாலாம் நாள் காலையில் பழைய ஆஸ்டினின் அதே நீளம், அதே உயரம் வந்ததும், போதும் என்று சொன்னதுபோல நின்றுகொண்டது. கதவு திறந்தது. நாலு சக்கரமும் கொஞ்சம்கூட நசுங்கவில்லை. எறும்புகள் வரிசையாக வந்து சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போயின.

விருந்து நாளன்று இதை எப்படிக் கொண்டுபோவது என்று கிராணி தலையில் கை வைத்தார். லோரி கிடையாது, மாட்டு வண்டி தாங்காது. நல்லையா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் ஸ்டார்ட்டரை இழுத்தான். எஞ்சின் பிடித்தது. பின்னால் வந்த புகையில் பாண்டான் இலை வாசனை அடித்தது. சந்திரமதி பக்கத்தில் ஏறினாள். கஜா பெராங் முழுக்க ரோட்டோரம் வந்து நின்று பார்த்தது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் நேராகவே பார்த்துக்கொண்டு போனாள். ஆனாலும் கழுத்து ஒரு விரற்கடை நீண்டிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவளுக்கு அவ்வளவு பெருமை. ஏன் இருக்கக்கூடாது?

கேப்டன் வாளோடு வெளியே வந்தார். காரைச் சுற்றி நடந்தார், குனிந்து அடியில் பார்த்தார். அங்கே பலகையும் இல்லை, செங்கலும் இல்லை. வெட்டுவதற்கு வாளை ஓங்கியபோது சந்திரமதி முன்னால் வந்து, பின்னாலிருந்து ஸ்பேர் சக்கரத்தைக் கழற்றி, தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள். ஓடுகிறதுக்கு நாலு போதும், இதை வெட்டுங்கள் என்றாள். கிராணி அதை ஜப்பான் பாஷையில் சொன்னார். கேப்டன் ஓங்கிய வாளைத் தாழ்த்தினார். பிறகு ஸ்பேரை வெட்டினார். நாற்பது பேர் சாப்பிட்டும் தட்டில் மிச்சம் இருந்தது. ஓடுகிற வண்டி ராணுவத்துக்குத்தான் என்று சொல்லி, தன் டிரைவரை ஏறச் சொன்னார். அவன் உட்கார்ந்ததும் இருக்கை பொத்தென்று உள்வாங்கி, இடுப்புவரை கேக்குக்குள் புதைந்துபோனான். இழுத்து எடுக்க அரை மணி நேரம் ஆயிற்று. நல்லையா ஏறினால் இருக்கை இருக்கையாக இருந்தது. ஆக வண்டி வேண்டுமென்றால் நல்லையாவும் வேண்டும். அவன் பெயரை அடித்தார்கள்.

ஒரு பெயரை அடித்தால் இன்னொரு பெயரை எழுத வேண்டும் என்று சந்திரமதிக்கு மே இரண்டாம் தேதிதான் தெரிந்தது. முதல் நாள் லோரி ஏறியவன் புக்கிட் பாருவில் மாட்டு வண்டி ஓட்டிய ஜெயபாலன். அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். அன்றிலிருந்து யாராவது காரைப் பற்றிப் புகழ்ந்து பேசினால் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இரண்டே கால் வருடம் நல்லையா கேப்டனைப் பகலில் ஏற்றி இறக்கினான். திரும்பும் வழியில் நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டான். ஊரில் எல்லாருக்கும் பசி. பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் ஜன்னலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டு, சீட்டின் ஓரத்தை விரலால் கிள்ளிக் கிள்ளித் தின்றார்கள். நல்லையா கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாராதவன்போல ஓட்டினான். விடிந்ததும் சந்திரமதி மரவள்ளி சீவி, கள் விட்டுப் பிசைந்து, தின்ற இடத்தைப் பூசினாள். மத்தியானத்துக்குள் உப்பிச் சரியாகிவிடும்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான், கேப்டன் போன இடம் தெரியவில்லை. சில வாரம் கழித்து, சயாமுக்குப் போனவர்களில் உயிரோடிருந்த கொஞ்சம் பேர் தம்பின் ஸ்டேஷனில் வந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. அங்கிருந்து மலாக்காவுக்கு ரயில் இல்லை. அந்தத் தண்டவாளத்தையும் பிடுங்கிச் சயாமுக்குத்தானே கொண்டுபோயிருந்தார்கள். நல்லையா போகவர ஆறு போத்தல் கள் ஊற்றிக்கொண்டு கிளம்பினான். இருபத்து நாலு மைல். ஸ்டேஷனில் ஏறியவர்கள் ஆறு பேர். ஆறு பேரையும் சேர்த்தால் இரண்டு ஆள் கனம் இருக்காது. முன்னால் உட்கார்ந்தவனை, பேர் சொன்ன பிறகுதான் நல்லையாவுக்கு அடையாளம் தெரிந்தது. ஜெயபாலன்.

சாப்பிடுங்கள் என்று நல்லையா இந்த முறை வாயைத் திறந்து சொன்னான். தம்பின் கடைத்தெரு தாண்டுவதற்குள் கூரை போயிற்று. பத்தாவது மைலில் கதவுகள் நாலும் இல்லை. அதற்கப்புறம் மட்கார்டு, விளக்கு, மூக்கு என்று ஒவ்வொன்றாய்ப் போயின. வயிறு சுருங்கியவர்கள், மெல்ல மெல்லத்தான் தின்றார்கள். ஆனால் நிறுத்தவில்லை. சாயங்காலம் கஜா பெராங் சாலையில் வந்து நின்றது நாலு கறுத்த தோடோல் சக்கரமும், ஒரு ஸ்டீரிங்கும், ஆறு பேர் உட்கார்வதற்குப் போதுமான ஒரு அடித்தட்டும்தான். அது நேராக ஓடி வந்து, வாசலில் அந்தச் செங்கல் அடுக்குகளுக்குப் பக்கத்தில், சொந்தச் சக்கரத்தில் நின்றது. கார் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

சந்திரமதி முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். ஜெயபாலன் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணீர் வந்தது. அவன் விரலில் ஒட்டியிருந்த நீலத்தை நக்கிவிட்டுச் சொன்னான்.

"நல்லாதான் இருந்திச்சிக்கா. இனிப்புதான் கொஞ்சம் கம்மி."

"சீனி எங்கடா கிடைச்சிச்சி இந்த ஊர்ல?" என்று அவள் சீறினாள். தன் கேக்கை யாராவது குறை சொன்னால் சண்டைக்கு முன்னால் எப்படிச் சீறுவாளோ அப்படி. சீறிக்கொண்டே அவனைத் தூக்கித் தோளில் சாய்த்து உள்ளே கொண்டுபோனாள்.

நல்லையா செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய், பெயர்த்த அடுப்படிச் சுவரை அடைக்கத் தொடங்கினான். பொன்னம்மா கிழங்குக் கூடையோடு வந்து சீவ உட்கார்ந்தாள். தம்பினில் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். கார் மறுநாள் காலைக்கு வேண்டும்.