பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற வண்டி

ஒரு மதியத்தில் ஊரையே மூன்று டிகிரி சூடாக்கிவிட்டான் என்று ஒருவனைக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். அவன் ஐஸ்கிரீம் விற்பவன் என்றும் சேர்த்துச் சொன்னால் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் அதைச் செய்தவன் ஐஸ்காரன்தான். செய்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

வானிலை ஆய்வு நிலையத்தின் புல்வெளி நடுவில், நாலு கால்களின் மேல் ஒரு வெள்ளை மரப்பெட்டி நிற்கும். சுவர்களுக்குப் பதில் சாய்வுப் பலகைகள். காற்று புகலாம், வெயில் புகக் கூடாது. உள்ளே வெப்பமானி. இன்றைக்கு ஊரில் எவ்வளவு சூடு என்று சொல்வது அந்தப் பெட்டிதான். அதன் கிட்டத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்பது அங்கே சுற்றும் பூனைக்குக்கூடத் தெரியும். ஐஸ்காரனுக்கும் தெரியும். அந்த நிலையத்தின் ஆராய்ச்சியாளரே அவன் மனைவிதான். வருகிறவர்களுக்கு அவள் பெட்டியை விளக்கும்போது பக்கத்தில் நின்று அவனும் தலையாட்டியிருக்கிறான்.

அன்றைக்கு அவள் வெளிவேலையாகப் போயிருந்தாள். மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க வந்தவன், அவள் வரட்டும் என்று காத்திருந்தான். புழுக்கம். புல்வெளியில் மட்டும் காற்று தாராளமாக வீசியது; பெட்டியை அங்கே வைத்ததற்கும் அதுதானே காரணம். காவலாளி கை கழுவப் போன நேரம் பார்த்து தன் ஐஸ் வண்டியை உள்ளே ஓட்டி, இருக்கையைச் சாய்த்து, ஒரு குட்டித் தூக்கம் போட்டான். ஐஸ் உருகிவிடக் கூடாதே என்று குளிர்பெட்டியின் மோட்டாரை ஓடவிட்டிருந்தான். மோட்டார் உள்ளே குளிரைக் கொடுத்துவிட்டு, வெக்கையை எல்லாம் பின்பக்கமாகத் தள்ளியது. பின்பக்கத்தில்தான் அந்த வெள்ளைப் பெட்டி.

மறுநாள் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து: ‘வரலாறு காணாத வெயில்.’ நிலையத்தின் பெரிய அதிகாரி தொலைக்காட்சியில் வந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடியே அந்த எண்ணைச் சொன்னார். ஐஸ்காரனும் வண்டிக்கு வருகிறவர்களிடம் எல்லாம், “என்ன வெயில் பாருங்க, வரலாறே காணலையாம்” என்று சொல்லிச் சொல்லிக் கூடுதலாக விற்றான். அவன் மனசாட்சி அப்போது இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதை எழுப்பியது மனைவி. சாயங்காலம் அடுக்களை மேடையில் சாய்ந்துகொண்டு, தேநீரை ஆற்றியபடி சொன்னாள்:

“அந்த எண் எனக்குச் சரியாப் படல. சுத்தி இருக்கிற நிலையம் எதுலயும் இவ்வளவு ஏறல. நம்மகிட்ட மட்டும் மதியம் திடீர்னு எகிறி, அப்புறம் திடீர்னு எறங்குது. வெயில் அப்படிப் படியேறி எறங்காது.”

ஐஸ்காரனுக்குத் தேநீர் புரையேறியது. தேள் கொட்டிய திருடனாவது வாயைப் பொத்திக்கொள்வான். இவனுக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை.

“மதியம்னா, சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறமா?”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “ஏன் கேக்குறீங்க?”

சொல்லிவிட்டான். காற்று, புழுக்கம், காவலாளியின் கை கழுவல், சாய்த்த இருக்கை, ஓடிய மோட்டார். தன் தரப்பு நியாயமாக, தூக்கத்தில் குறட்டை மட்டும் விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். வண்டியின் பின்பக்கம் எந்தத் திசை? எத்தனை அடி தள்ளி? எழுந்ததும் உடனே கிளம்பினீர்களா? தூங்கின புருஷனை விசாரிக்கிற மாதிரி இல்லை. வானத்திலிருந்து விழுந்த கல்லை விசாரிக்கிற மாதிரி இருந்தது.

“கோபமா?” என்று கேட்டான்.

“இப்போதைக்குச் சொல்றதுக்கில்ல.”

அதுதான் அவள். எதற்கும் நேர் பதில் கிடையாது. மழை வருமா என்றால் வாய்ப்பு அதிகம் என்பாள். உப்பு போதுமா என்றால், இந்த ஒரு கரண்டியை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பாள். பெண் பார்க்கப் போனபோது, எல்லாரையும் கொஞ்சம் வெளியே போகச் சொல்லிவிட்டு, “என்னப் பிடிச்சிருக்கா?” என்று வியர்த்துக்கொண்டே கேட்டான். “ஆரம்பத் தகவல்கள் நம்பிக்கை தருது” என்றாள். அதை நம்பிக் கல்யாணம் செய்துகொண்டவன் இவன். பல வருடமாயிற்று, இறுதி அறிக்கை இன்னும் வரவில்லை.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. மறுநாள் நகர மண்டபத்தில் பொது விவாதம். நிலையம் வெப்ப எச்சரிக்கை விடும் நாட்களில், கட்டட வேலை, சாலை வேலை என்று வெளியில் நின்று செய்யும் வேலை எல்லாவற்றையும் உச்சி வெயில் நேரத்தில் நிறுத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம். அதற்காகப் பேசப் போகிறவள் அவள். எதிர்த்துப் பேச டயர் கடை அண்ணன் தலைமையில் ஒரு கூட்டம். ‘பூமி சூடாவது எல்லாம் புருடா, ஆராய்ச்சிக்காரங்க எழுதுறதுதான் கணக்கு’ என்பது அண்ணனின் கட்சி. அப்படிப்பட்டவர் கையில் இந்த விஷயம் கிடைத்தால், வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த கதைதான்.

பெரிய அதிகாரியிடம் அவள் போனில் சொன்னாள். மறுமுனையிலிருந்து வந்த குரல் ஐஸ்காரனுக்கும் கேட்டது. “ஒரு நாள் கணக்குதானேம்மா. கூட்டம் முடியட்டும், அப்புறம் சத்தமில்லாமத் திருத்திக்கலாம்.”

“கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போறதே அந்த எண்ணத்தான சார்.”

“அப்போ நீங்களாச்சு, கூட்டமாச்சு. நான் வரல.”

போனை வைத்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐஸ்காரனுக்கு மனசு கேட்கவில்லை. உதவுவதாக நினைத்துக்கொண்டு சொன்னான்: “சூடு ஏறுறது நெசம்னு நீதான சொல்ற. மூணு டிகிரி முன்னப்பின்ன இருந்தா என்ன? ஜனங்க கொஞ்சம் பயப்படுவாங்க, நல்லதுதான.”

“நீங்க பால்ல தண்ணி கலக்குறீங்களா?”

“லேசா.”

“யாராவது கேட்டா ஒத்துப்பீங்களா?”

“கேட்டா ஒத்துப்பேன்.”

“நானோ யாரும் கேக்குறதுக்கு முன்னாடியே ஒத்துக்கணும். அதான் நம்ம ரெண்டு பேர் வேலைக்கும் வித்தியாசம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வந்ததா என்று அவனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கூடவே வாழ்ந்தால் அந்த வியாதி ஒட்டத்தான் செய்யும்.

மண்டபத்தில் மின்விசிறிகள் சூடான காற்றை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. முன் வரிசையில் டயர் அண்ணன், மடித்த செய்தித்தாளை விசிறியாக்கி உட்கார்ந்திருந்தார். ஐஸ்காரன் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் பாதி உடம்பை ஒளித்துக்கொண்டான். மீதிப் பாதி ஒளிவதாக இல்லை.

அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். வணக்கம் சொன்ன கையோடு சொன்னாள்: “நீங்க பேப்பர்ல பாத்த அந்த எண் தப்பு. வெப்பமானிக்குப் பக்கத்துல ஒரு வண்டியோட மோட்டார் ஓடியிருக்கு. அந்த நாள் கணக்க நீக்கிட்டோம்.”

கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது. டயர் அண்ணன் எழுந்து திரும்பி, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். “கேட்டுக்குங்க. ஒரு வண்டி நின்னா எகிறிப் போற கணக்கு. இத நம்பி நான் கடைய மூடணுமா? இன்னும் எத்தன வண்டி நின்னுச்சோ?”

“அதான் ஒவ்வொரு நாளையும் மத்த நிலையங்களோட ஒப்பிட்டுப் பாக்குறோம். அப்படிப் பாத்துதான் இதயும் கண்டுபிடிச்சோம்.”

“அது யார் வண்டிம்மா? பேரச் சொல்லுங்க. சும்மா ஒரு வண்டின்னா எப்படி?”

கடைசி வரிசைப் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை அவள் சொல்ல மாட்டாள் என்பது ஐஸ்காரனுக்குத் தெரியும். அவன் பெயரையும் சொல்ல மாட்டாள் என்பது, அவள் நிற்கிற நிலையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கால்கள் அவனைக் கேட்காமலே எழுந்துவிட்டன.

“என் வண்டிதாண்ணே.”

எல்லாத் தலையும் திரும்பியது.

“காத்து நல்லா வந்துச்சு. படுத்துட்டேன். ஐஸ் உருகக் கூடாதுன்னு மோட்டார ஓட விட்டேன். விதியெல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் நிறுத்துனேன். கண்டுபிடிச்சது அவங்க. நானா போய்ச் சொல்லல.”

“ஏன்யா, பொண்டாட்டி ஆபீசுக்கே கொள்ளி வெச்சிருக்கியே” என்று யாரோ சொல்ல, மண்டபம் சிரித்தது. டயர் அண்ணனும் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டவர் போல உட்கார்ந்தார்.

ஐஸ்காரன் உட்காரவில்லை. எழுந்ததுதான் எழுந்தோம் என்று கேட்டான்: “என் வண்டியக் கழிச்சிட்டுச் சொல்லுங்க. சூடு ஏறுதா, இல்லையா? வாய்ப்பு கீய்ப்பு வேணாம். எனக்குப் புரியிற மாதிரி.”

அவள் அவனையே பார்த்தாள். “ஏறுது. உங்க வண்டி கெடுத்தது ஒரு மதியத்த. இது பல வருஷக் கணக்கு, பல ஊர்க் கணக்கு. அடுத்த வருஷம் இதே நாள் எவ்வளவு இருக்கும்னு கேட்டா தெரியாது. ஏறுதான்னு கேட்டா, ஏறுது.”

தீர்மானம் அன்றைக்கு நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். சிலர், “நான் அப்பவே சொன்னேன்ல” என்றபடி போனார்கள். யார் எதை அப்பவே சொன்னார்கள் என்பது விளங்கவில்லை. டயர் அண்ணன் மட்டும் வாசலில் அவளை மறித்தார்.

“உங்க ஆராய்ச்சிய நான் நம்பலம்மா. அது வேற. நாளைக்கு மதியம் எப்படி இருக்கும்? பையன்கள வெளிய வெச்சு லாரி டயர் மாத்தணும்.”

“கடுமையா இருக்கும்ணே. காலைலயே முடிச்சிடுங்க.”

“சரி, காலைலயே வரச் சொல்றேன்” என்று அவர் போய்விட்டார்.

இருவரும் ஐஸ் வண்டியில் ஏறினார்கள். காலடியில் கோன் பெட்டி இருந்ததால் அவள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் பின்னால் போய் ஒரு குச்சி ஐஸை எடுத்துவந்து கொடுத்தான். பாதி தின்றுவிட்டு, மீதியை அவனிடம் நீட்டினாள்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வண்டியை எடுக்காமல் இருந்தான்.

“பூமியப் பத்திக் கேட்டா நேரா பதில் வருது. நான் ஒண்ணு கேட்டேன், பெண் பாக்க வந்தப்போ. அது இன்னும் அப்படியே நிக்குது.”

“எது?”

“என்னப் பிடிச்சிருக்கான்னு. இப்போ வண்டி நிறுத்துனதையும் சேத்துத்தான் கேக்குறேன். எதையும் கழிக்க வேணாம்.”

அவள் விரலில் வழிந்ததை நக்கிவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“பிடிச்சிருக்கு” என்றாள்.