பிலோமினா மூட்டிய நெருப்பு

அண்டா மூடிமேல் கிடந்த கங்குகளில் தண்ணீரைக் கவிழ்க்கப் போன அக்கா அனிதா மேரியின் கையை ஜஸ்டின் பிடித்துக்கொண்டான்.

"ஊத்தாதக்கா. உள்ள மாவு வெந்துக்கிட்டு இருக்கு."

"விடுறா. கல்யாணமே நடக்குமோ என்னமோ, கேக்காம் கேக்கு!"

முன்னறையில் அவன் மனைவி பிலோமினாவை அப்போதுதான் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மணல் பரப்பிய அண்டாவுக்குள் கேக் தட்டை இறக்கி, மூடி போட்டு, மேலே கங்கு அள்ளி வைத்துவிட்டு, "நெஞ்சுக்குள்ள என்னமோ பெசையுது" என்று கொல்லைச் சுவரில் சாய்ந்தவள்தான். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

விடிந்தால் மகள் ஜெசிக்கு ராயப்பன்பட்டிக் கோயிலில் கல்யாணம். கேக்கைக் கடையில் சொல்லக் கூடாது, நானே போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள் பிலோமினா. மூன்று அடுக்கு. அடியில் பன்னீர் திராட்சைச் சாற்றை வற்றக் காய்ச்சிச் சேர்த்தது. நடுவில் ஏலக்காயும் மிளகும். உச்சிக்கு மலைப்பூண்டு, பாலில் குழைய வேகவைத்து வெல்லம் போட்டுக் கிளறியது. பூண்டு கேக் என்றதும் தெருவே சிரித்தது. "அதுக்கு மாப்பிள்ளைக்கு ரசத்த வச்சு ஊத்திரலாம்டி" என்றாள் பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள். பிலோமினா ஒரு கரண்டி வழித்து அவள் வாயில் வைத்தாள். விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்துகொண்டு நின்றாள் சந்தனம்மாள்.

அடியும் நடுவும் நேற்றே வெந்துவிட்டன. உச்சி அடுக்குதான் இப்போது உள்ளே.

"எழவு வீட்டுல அடுப்பு மூட்டுவாகளாடா?"

"நான் மூட்டலக்கா. அவ மூட்டுனது. நான் அணைக்கல, அம்புட்டுத்தான்."

அனிதா மேரி அவன் முகத்தையே பார்த்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜஸ்டின் மூட்டை தூக்குகிறவன். அடுப்பு வேலை அறியாதவன். வேகும்போது பிலோமினா அண்டாவின் பக்கம் காதைக் கொண்டுபோவாள். "பேச்ச நிறுத்துனா வெந்துருச்சுன்னு அர்த்தம்" என்பாள். அவனும் குனிந்தான். உள்ளே மெல்லிய சளசளப்பு கேட்டது.

வாசனை முன்னறைக்குப் போனது. பிணத்தின் தலைமாட்டில் மாரடித்துக்கொண்டிருந்த சந்தனம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஏ என் தங்கமே, தனியா விட்டுட்டுப் போனியே… ஏப்பா ஜஸ்டினு, மேல கங்கு ஏறிப்போச்சு, கருகப் போவுது, பாதிய எடு… ஏ என் ராசாத்தியே…"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடே அழுதாள்.

பாதிக் கங்கைத் தள்ளிவிட்டு மறுபடி குனிந்தான். சத்தமில்லை. மூடியைத் தூக்கினான். வெடிப்பு ஒன்றுகூட இல்லாமல், தேன் நிறத்தில், ஒரே மட்டமாக எழும்பியிருந்தது. முப்பது வருசமாக இவள் கையால் தின்கிறான். இப்படி ஒன்று பிறப்பதை இன்றுதான் பார்க்கிறான்.

ஜெசி வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. ஒரு விரலால் மேலே அழுத்தினாள். குழி விழுந்து நிமிர்ந்தது.

"இது வராம நான் கோயிலுக்கு வரமாட்டேன்ப்பா."

மதியம் சாமியார் வந்து ஜெபித்தார். புதன்கிழமை தவக்காலம் பிறக்கிறது, அப்புறம் ஈஸ்டர் பாஸ்கா வரை கல்யாணம் இல்லை. சாயங்காலமே அடக்கம், காலையில் மேளமில்லாமல் தாலி என்று முடிவானது. துக்கத்துக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம் அனிதா மேரிதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மதினி, கேக்கு இந்த வீட்டுல வெந்தது. உங்களுக்குச் சங்கடம்னா…"

அந்த அம்மா பெஞ்சின் பக்கம் பார்த்தாள்.

"வெயிலுக்குக் கெட்டுப் போகாதுல்ல?" என்றாள்.

மறுநாள் விடியலில் அவர்கள் ஊரான கோம்பையிலிருந்து ராயப்பன்பட்டிக்கு ஆட்டோ புறப்பட்டது. வெள்ளைச் சேலையில் ஜெசி, அவளை ஒட்டி அனிதா மேரி. ஓரத்தில் ஜஸ்டின், மூன்று அடுக்கையும் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் சீட்டை விட்டு அரையாக எழுந்து, குலுக்கலை முழங்காலிலேயே வாங்கிக்கொண்டான்.

"மெதுவாத்தான்ணே போறேன், உக்காருங்க" என்றான் டிரைவர்.

ஜஸ்டின் உட்கார்ந்தான். அடுத்த வேகத்தடைக்கு மறுபடி எழுந்தான்.