பச்சை ஸ்வெட்டரில் பழுப்பு நூல்

இந்தப் பச்சை இல்லை. இதுவும் இல்லை. உருண்டையாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஓர் இழையை இழுத்துத் துணிமேல் கிடத்தினால்தான் குட்டு வெளிப்படும். ஒரு பொட்டு கருத்ததாக எடுக்கவேண்டும், தைத்தபின் வெளுத்துக் காட்டும். இதோ, இதுதான். கிடைக்காமலே போயிருந்தால் தேவலை.

ஜன்னலோரம் நின்று, எட்டு வயதில் தான் போட்டிருந்த ஸ்வெட்டரின் முழங்கையில் அந்த இழையை வைத்துப் பார்த்தாள். கம்பளிக்குள் அது காணாமலே போனது. பக்கத்தில் அப்பா தைத்த கிழிசல், நல்ல பழுப்பு நிறத்தில், விரல் நீளத்துக்கு ஓடியது.

"கிடைச்சிடுச்சா? உன்கிட்ட இருக்கிறது பெட்டி இல்லடி, கடை!" என்றாள் அக்கா. "அந்தப் பழுப்பைப் பிரிச்சு எறிஞ்சிட்டு இதுல தைச்சுக் குடு. என் பேத்திக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். அப்பாவுக்குத்தான் எல்லாத்திலயும் அவசரமாச்சே. கையில சிக்கின நூலை மாட்டி இழுத்திருக்காரு."

அவசரமே இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மாதம் அது. அக்கா ஹாஸ்டலில். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை முடிந்து வந்த அப்பா, சட்டையைக்கூட மாற்றாமல் தையல் பெட்டியைத் தரையில் கொட்டினார். வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொரு நூலாகப் பிடித்துப் பார்த்தார். அரைமணி நேரம் தேடி ஒன்றை எடுத்தார். நெருக்கமாக, கோணாமல் தைத்தார். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "எங்க கிழிஞ்சதுன்னு கண்டுபிடி பாக்கலாம்" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. ஒரு நொடி தயங்கிவிட்டு, கிழியாத முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். அப்பா சிரித்த சிரிப்பில் அந்த மாதமே கொஞ்சம் இலேசானது.

பச்சைக்கு நடுவே ஓடிய அந்தப் பழுப்புக் கோட்டால் வகுப்பில் அவளுக்கு 'மரக்கிளை' என்று பெயர் வந்தது. அந்த வருடம் முழுக்க அந்த ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டு போனாள்.

அப்பா போனபிறகுதான் அம்மா சொன்னாள். ரயில் ஓட்டத்தான் அவருக்கு ஆசையாம். கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்களாம். பச்சையும் பழுப்பும் அவருக்கு ஒன்றுதான். "அதை அவர் யாருக்கும் காட்டிக்கல. நீயும் வெளியில விடாத."

"என்னடி, நூலைப் பிடிச்சுக்கிட்டு சிலையா நிக்கிற?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா ஸ்வெட்டரைக் கீழே வைத்துவிடுவாள். அழக்கூட அழுவாள். அப்புறம் மகளுக்கு போன் போடுவாள், மாப்பிள்ளைக்குச் சொல்வாள். "எங்க அப்பாவுக்குப் பச்சையே தெரியாதாம்" என்பது சாப்பாட்டு மேசையில் ஒரு சிரிப்பாகிவிடும்.

பச்சை நூலைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"பேத்திக்கு நான் புதுசா ஒண்ணு பின்னித் தரேன்கா."

"இது இருக்கும்போது எதுக்குப் புதுசு? நாலு தையல், பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"நேரம் ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் என்ன?"

"பிரிக்க மாட்டேன்கா" என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரை மடிக்கத் தொடங்கினாள்.